கடுகு (என் ஹாம்ஸ்டர், எலி போன்ற சின்ன வளர்ப்புப் பிராணி) – மார்ச் குறிப்புகள்

மார்ச் 1
46 கிராம். போன மாதம் 34. இனித் தராசு வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம்.

மார்ச் 2
கிழித்துப் போட்ட டிஷ்யூ பேப்பர் முழுவதையும் ராத்திரியோடு ராத்திரியாக மண்வீட்டுக்குள் இழுத்துவிட்டாள் கடுகு. கூண்டில் அவள் ஓடி விளையாடும் சக்கரத்தின் சத்தம் இல்லை. அவள் ஜோடி மிளகு வாசலிலேயே படுத்திருக்கிறான். அவனைப் பிரிக்க வேண்டும். நாளைக்கு.

மார்ச் 4, அதிகாலை 2.20
கீச்சொலி கேட்டு எழுந்தேன். விளக்குப் போடவில்லை, பக்கத்து அறை வெளிச்சமே போதுமாக இருந்தது. இந்தக் காம்ப்பெல் வகை ஹாம்ஸ்டர்களில் அப்பனே பிரசவம் பார்ப்பான், குட்டியை இழுத்து நக்கித் துடைப்பான் என்று படித்தபோது நம்பவில்லை. மொச்சைக்கொட்டை அளவில் சிவப்பாக ஒன்று, முடியில்லாமல், கண் மூடியபடி. அதை முன்னங்கால் இரண்டாலும் பிடித்து நக்கிக்கொண்டிருந்தான் மிளகு. அவனை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினைபிடிக்கும் என்பது தெரியும். தெரிந்துதான் விட்டேன்.

மார்ச் 5
காலை ஏழு மணிக்குப் பிரித்தேன். தாமதம். புதுக் கூண்டின் கம்பியை விடாமல் கடிக்கிறான்.

மார்ச் 6
கிட்டே போகவில்லை.

மார்ச் 7
அவள் தண்ணீர் குடிக்க வந்தபோது வாசல் வழியே எண்ணினேன். ஆறு.

மார்ச் 8
ஐந்து.

மார்ச் 9
மறுபடி எண்ணினேன், ஐந்துதான். மரச்சீவலில் ஒரு தடயமும் இல்லை. செத்த குட்டியைத் தாயே தின்றுவிடும், கூட்டை நாறவிடாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் செத்த பிறகு தின்றாளா, பயந்து தின்றாளா? நேற்று முன்தினம் தண்ணீர்ப் பாட்டிலை மாற்றும்போது அது கம்பியில் இடித்தது. அவள் விறைத்து நின்றாள். அந்த ஒரு சத்தம் போதுமா? புரதம் பற்றாமல் போயிருக்குமா? அவித்த முட்டை பட்டாணி அளவுதான் வைத்தேன், இன்று இரண்டு மடங்கு. முதலிலேயே ஐந்துதான் இருந்து, நான்தான் தவறாக எண்ணினேனோ? இருட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இல்லை. ஆறு. எனக்குத் தெரியும்.

மார்ச் 11
முதுகில் ரோமம்! நடுவில் கருங்கோடு. கண் திறக்காமலே ஒன்று தவழ்ந்து வெளியே வந்தது, வாயில் கவ்விக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 13
ராத்திரி சக்கரம் ஓடியது. படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16
பன்னிரண்டாம் நாள். இரண்டு குட்டிகள் கண் திறந்துவிட்டன. ஒன்று தினையை இரண்டு கையாலும் பிடித்துக் கொறிக்கிறது. இவ்வளவு சின்னக் கைக்கு இவ்வளவு பிடிமானமா! ஐந்தும் இருக்கின்றன.

மார்ச் 18
கடுகைக் குவளையில் ஏறவைத்து எடை பார்த்தேன். 39. பால் கொடுப்பவளுக்கு இது சரியான எடையா, வேறு எதுவுமா?

மார்ச் 19
40.

மார்ச் 20
42. பால் குடிக்க வரும் குட்டிகளைத் தள்ளுகிறாள்.

மார்ச் 21
நாளை பதினெட்டாம் நாள். மிளகைப் பிரிப்பதற்குள் பிடித்திருந்தால் நாளையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் ஈனலாம். இந்த ஐந்துக்கும் பால் மறக்கும் வயது முழுதாக வரவில்லை. மூன்று வாரமாவது ஆக வேண்டும். பிரித்தால் இவை தாங்குமா, விட்டால் புதுக்குட்டிகளை மிதித்துவிடுமா? இன்னொரு கூண்டு கழுவிக் காயவைத்திருக்கிறேன். மிளகு இப்போது கம்பியைக் கடிப்பதில்லை. மூலையில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்க்கிறான்.

மார்ச் 22, இரவு 1.40
சக்கரம் நின்றுவிட்டது.