மூன்று முறை குட்நைட்

பெரியப்பா மகள் டிரினிடாடில் டாக்டர். எட்டு வருடமாக "சித்தி, ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தத் தீவு எந்தத் திசையில் கிடக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கு, பிரையன் லாராவின் ஊர் என்ற அளவில் தெரியும். இந்த வருடம் இரண்டு பேரும் நெல்லையிலிருந்து டொராண்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சரி, ஐந்தரை மணி நேர விமானம்தானே என்று டிக்கெட் போட்டுவிட்டேன்.

அம்மா பெட்டி கட்டிய விதத்தைப் பார்த்தால் பஞ்சம் பிழைக்கப் போகிறவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். வத்தல், வடகம், இட்லிப் பொடி, புளி. "கடலுக்கு நடுவுல பாவம் புள்ள என்னத்தைத் திங்காளோ." எனக்குத் தெரியாமல் இன்னொன்றும் உள்ளே போயிருந்தது. ஸ்கார்பரோ தமிழ்க்கடையில் வாங்கிய நான்கு கட்டு கறிவேப்பிலை, ஈரத்துணியில் சுற்றி, என் மகனின் நீச்சல் டிரவுசருக்குள்.

பியார்கோ விமான நிலையத்தில் அந்த டிரவுசர்தான் முதலில் வெளியே வந்தது. செடி, இலை எதுவும் இல்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். அதிகாரி டிரவுசரைத் தூக்கிப் பிடித்து, "இது யாருடையது?" என்று கேட்டார். பத்து வயது மகன் பெருமையாகக் கையைத் தூக்கினான். நல்ல மனிதர், சிரித்துவிட்டார். கறிவேப்பிலை குப்பைக்கூடைக்குப் போனது, எனக்கு ஐந்து நிமிட உபதேசம் கிடைத்தது. அம்மா அந்தக் கூடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அக்கா வீடு சகுவானாஸில். போய்ச் சேரும்போது இரவு ஒன்பது மணி. பயணக் களைப்பில் அப்பா முன்வாசல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கேட்டுக்கு வெளியே கையில் மூடிய பாத்திரத்தோடு ஒரு வயதான பெண்மணி வந்து நின்று, "குட்நைட்!" என்றார்.

அப்பாவும் எழுந்து நின்று மரியாதையாக "குட்நைட்" சொல்லிவிட்டு, வாசல் விளக்கை அணைத்துவிட்டார்.

இருட்டிலிருந்து மறுபடியும் "குட்நைட்!"

"குட்நைட், குட்நைட்" என்றபடி அப்பா கதவையும் சாத்திவிட்டு உள்ளே வந்தார். "நல்ல ஜனங்கதான். ஆனா ஒரு தடவை சொன்னா போதாதா?" மூன்றாவது குட்நைட் தெருமுனை வரை கேட்டிருக்கும். அத்தான் சமையலறையிலிருந்து பாய்ந்து வந்து கதவைத் திறந்தார். அந்த ஊரில் இரவில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று முதலில் சொல்வது குட்நைட்தானாம். வணக்கம் மாதிரி. வணக்கம் சொன்ன பக்கத்து வீட்டு ஆன்ட்டியை அப்பா இரண்டு முறை விரட்டியிருக்கிறார். பாத்திரத்தில் எங்களுக்காகச் செய்த பருப்புப் பூரியும் பூசணிக்காய்க் கறியும் இருந்தன.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அத்தான் எங்களை டபுள்ஸ் சாப்பிட அழைத்துப் போனார். பாரா என்கிற இரண்டு சின்ன மெத்துப் பூரி, மேலே கொண்டைக்கடலை, புளிச் சட்னி, வெள்ளரிக்காய். தெருவோரம் நின்றபடியே, கையில் வழிய வழியச் சாப்பிட வேண்டும். காரம் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டார். அத்தான் "ஸ்லைட்" என்றார். மாப்பிள்ளையை அப்பா பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "ஹெவி" என்றார். திருநெல்வேலிக்காரனிடம் காரம் பற்றி என்ன கேள்வி?

2012-இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்து உலகிலேயே காரமானது என்று அறிவித்த மொருகா ஸ்கார்ப்பியன் மிளகாய் இந்தத் தீவின் தென்கரைச் சரக்கு. அப்பா தின்றது அதுவல்ல, அதன் சாதுவான சொந்தக்காரன். அதற்கே முதல் வாயில் பேச்சு நின்றது. இரண்டாவது வாயில் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கடலையை எண்ணி எண்ணித் தின்றார். மகன் அவர் முகத்தை வீடியோ எடுத்து வைத்திருக்கிறான். குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டது.

அன்று மராகஸ் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். பெரிய வண்டியோடு வரவேண்டிய அத்தானின் நண்பர் போனில் "ஜஸ்ட் நவ்" என்றார். நாங்கள் தொப்பி, துண்டு, காற்றடித்த மிதவையோடு வாசலில் உட்கார்ந்தோம். இரண்டரை மணி நேரம். அந்த ஊர் 'ஜஸ்ட் நவ்'வுக்கு, இன்றைக்கோ என்றைக்கோ கட்டாயம் நடக்கும் என்று பொருள். நம்ம ஊர் 'இதோ வந்துட்டேன்'தான், ஆங்கிலத்தில் சொன்னதால் நம்பிவிட்டோம். மிதவைக்கு இரண்டு முறை காற்றடித்தேன்.

கடலில் அப்பாவுக்கு நாட்டமில்லை. அவர் நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தொரு வருடம் தார் போட்டவர். லா பிரேயாவில் தார் ஏரி இருப்பதாக அத்தான் வாய்தவறிச் சொன்னதிலிருந்து சாமி தரிசனத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி ஆகிவிட்டார். போனோம். சுமார் நூறு ஏக்கர், இயற்கையாக ஊறும் தார், மேலே நடக்கலாம். 1595-இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலி வந்து இதை எடுத்துத்தான் கப்பல் ஓட்டையை அடைத்தாராம். அம்மா, "இதைப் பார்க்கவா ஏழு கடல் தாண்டி வந்தோம், நம்ம ஊர் பைபாஸ் மாதிரில்லா இருக்கு" என்றாள். சில இடம் இளகலாக இருக்கும், என் பின்னாலேயே வாருங்கள் என்று வழிகாட்டி சொன்னார். தாரைப் பற்றி அப்பாவுக்கு யாராவது சொல்லித்தர முடியுமா? குனிந்து விரலால் அழுத்திப் பார்த்து, "பதம் வரலை" என்றார். அடுத்த அடியில் வலது செருப்பு உள்ளே போயிற்று. நாங்கள் மூன்று பேர் அப்பாவை இழுத்தோம், அப்பா வந்தார். செருப்பை வழிகாட்டி தனியாக எடுத்தார், அது இரண்டு கிலோ இருந்தது.

அன்று மாலை கொல்லைப்புறத்தில் அக்கா தேங்காய் எண்ணெய் போட்டு அப்பா காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்க ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் வந்தார். அவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மரம். அம்மா வேலியைத் தாண்டிக் கையை நீட்டி ஒரு இலையைக் கிள்ளி மோந்தாள். முகம் மாறிவிட்டது.

"கரப்பிள்ளை" என்றார் ஆன்ட்டி. "வேண்டுமா?"

1845-க்கும் 1917-க்கும் இடையில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாக இந்தத் தீவுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள், கொஞ்சம் பேர் மெட்ராஸில். ஆன்ட்டியின் பாட்டியின் பாட்டியை 'மெட்ராசி' என்பார்களாம். எந்த ஊர் என்று தெரியாது. தமிழில் வேறு வார்த்தையும் தெரியாது. அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, தாளிக்கத் தெரியுமா என்று விசாரித்தாள். பிறகு வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று இருவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, இருட்டும்வரை பேசினார்கள்.

கிளம்பிய அன்று இரவு ஆன்ட்டி வழியனுப்ப வந்தார். அப்பா முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடி, "குட்நைட்!" என்று உரக்க வரவேற்றார். எல்லோரும் கைதட்டினோம். பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. விடைபெற என்ன சொல்வது என்று அப்பாவுக்குத் திகைப்பு, குட்நைட்டைத்தான் முதலிலேயே செலவழித்துவிட்டாரே. கார்க் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆன்ட்டி," என்றார், "ஜஸ்ட் நவ்."