வார்டுரோப் வரைபடம்: வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும் முன்

வார்டுரோப் வேலை பேச உட்கார்ந்தால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது 3டி படம்தான். காட்டலாம், தப்பில்லை. மைக்காவின் நிறம், கைப்பிடியின் தோற்றம், கண்ணாடி எங்கே வருகிறது என்பதெல்லாம் அதில்தான் புரியும். ஆனால் அறை முழுவதும் தெரிய வேண்டும் என்று கேமராவை விரித்து வைப்பதால், 10 அடி அறை அந்தப் படத்தில் ஹால் மாதிரி தெரியும். அதைப் பார்த்து அவர் சொல்லும் ஓகே நிறத்துக்கான ஓகே. அளவுக்கான ஓகே 2டி தாளில்தான் வாங்க வேண்டும்.

அந்தத் தாளும் ஆசாரிக்குக் கொடுக்கும் தாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஆசாரிக்கு வெட்டு அளவு, சானல் (டிராயர் ஓடும் தண்டவாளம்) இடைவெளி, ஹிஞ்ச் (கீல்) துளை எல்லாம் வேண்டும். அதே தாளை வீட்டுக்காரருக்கு அனுப்பினால், நாற்பது எண்களைப் பார்த்து மிரண்டு "நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிடுவார். பின்னால் வரும் தகராறுகளில் பாதி அந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பிக்கும். அவருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான்: மொத்த அளவு, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், உள்ளே எது எங்கே போகும், அறையில் எதன் மேல் இடிக்கும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். அறை 10க்கு 10 அடி. ஒரு சுவரில் 7 அடிக் குழிவு, அதில் நான்கு கதவு வார்டுரோப், மேலே பரணுக்கும் கதவு. தரையிலிருந்து சீலிங் 2750 மி.மீ.

7 அடி என்பது பேச்சுக்கு. கணக்கில் அது 2134 மி.மீ. டேப் வைத்தால் மேலே 2126, நடுவில் 2118, கீழே 2110 என்று வரும். பூச்சு வேலை நேராக இருக்கும் சுவர் அபூர்வம். மூன்று உயரத்தில் அளந்து, இருப்பதிலேயே சின்னதை எடுக்க வேண்டும். இங்கே அது 2110. வார்டுரோப் 2070, இரண்டு பக்கமும் சுவரோடு உள்ள இடைவெளியை மூட 20 மி.மீ. ஃபில்லர் பட்டை. மேலே போகப் போகப் பட்டை 28 வரை அகலும், ஆசாரி சுவரின் கோணலுக்கு ஏற்பச் சீவிக்கொள்வார். இந்தப் பட்டையை வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள். காட்டாமல் விட்டு வேலை முடிந்ததும் பார்த்தால், "இங்க ஏன் துண்டு ஒட்டியிருக்கீங்க?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதும்கூட. உயரத்தில் 2100 வார்டுரோப், 600 பரண், 50 மேல்பட்டை.

அடியா, மி.மீ.யா என்ற சிக்கலைத் தவிர்க்க முடியாது. வீட்டுக்காரருக்கு அடி, ஆசாரிக்கு அங்குலமும் நூலும் (அங்குலத்தில் எட்டில் ஒன்று), ஹிஞ்சும் சானலும் மி.மீ. வெளி அளவை மட்டும் இரண்டிலும் எழுதி, மற்ற எல்லாவற்றையும் மி.மீ.யில் விடுவது நல்லது. 2100 மி.மீ. என்று போட்டுப் பக்கத்தில் 7 அடி என்று எழுதினால் 34 மி.மீ. காணாமல் போகும். அது ஒன்றே கால் அங்குலத்துக்கும் மேல்.

மேற்பார்வைப் படத்தில், அதாவது அறையை மேலிருந்து பார்த்த மாதிரி வரையும் படத்தில், வார்டுரோப்பை மட்டும் வரைந்து நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. கட்டில், ஜன்னல், ஸ்விட்ச் போர்டு, ஏசி, அறைக் கதவு திறக்கும் வளைவு எல்லாமே அதில் இருக்க வேண்டும். ஃபேனும்தான். ஃபேனை யாரும் வரைவதில்லை. கணக்கைப் பாருங்கள்: அறை 3048, ஃபேன் நடுவில் இருந்தால் சுவரிலிருந்து 1524. வார்டுரோப் ஆழம் 600 போக மீதி 924. 1200 மி.மீ. ஃபேனின் ஆரம் 600. இறக்கை நுனிக்கும் பரண் கதவுக்கும் நடுவே மிஞ்சுவது 324 மட்டும். பரண் கதவோ 515 அகலம், ஃபேன் தொங்குவதும் கிட்டத்தட்ட அதே உயரத்தில். ஃபேனுக்கு நேரே உள்ள கதவை ஃபேன் ஓடும்போது திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மேற்பார்வையில் ஃபேனைப் புள்ளிக்கோட்டு வட்டமாகப் போட்டுவிட்டால் இது தாளிலேயே பிடிபடும். அந்த இடத்தில் கதவை 300க்குள் குறுக்கலாம், பரணுக்கு மட்டும் ஸ்லைடிங் வைக்கலாம், ஃபேன் கொக்கியைத் தள்ளிப் போடலாம். மூன்றுமே முன்கூட்டித் தெரிந்தால்தான் மலிவு.

முன்பார்வை இரண்டு தாளாக வேண்டும்: கதவு மூடியது ஒன்று, கதவே இல்லாமல் உள்ளே தெரிவது ஒன்று. மூடிய படத்தில் கதவின் மேல் போடும் புள்ளிக்கோட்டு முக்கோணத்தை நம்ப வேண்டாம். அதன் முனை கீல் பக்கம் என்பது ஒரு வழக்கம், கைப்பிடிப் பக்கம் என்பது இன்னொரு வழக்கம். கைப்பிடியை வரைந்து, கீழே "இடது கீல்", "வலது கீல்" என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. ஓரமாக 1600 மி.மீ. உயரத்தில் ஓர் ஆளை மெல்லிய கோட்டில் நிறுத்துங்கள். அலங்காரத்துக்கு இல்லை, மேல் தட்டு 1900இல் இருந்தால் அங்கே என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது என்று அந்த ஆளைப் பார்த்ததுமே பேச்சு தானாக வரும். மர ரேகை உள்ள மைக்கா என்றால் ரேகையின் திசைக்கு ஓர் அம்புக்குறி, கூடவே கேட்டலாக் எண். பிரிண்டில் தெரியும் நிறத்துக்குக் கையெழுத்து வாங்காதீர்கள்.

உட்புறப் படத்தில் சட்டை தொங்க 1050, நைட்டி, அனார்கலி மாதிரி நீள உடைக்கு 1500 விட்டு, அந்தத் துணிகளைச் செவ்வகமாகவாவது வரைந்து காட்ட வேண்டும். 18 மி.மீ. பிளைவுட் தட்டு 900க்கு மேல் தாங்கல் இல்லாமல் ஓடினால் பட்டுப்புடவை அடுக்கின் எடைக்கே தொய்ந்துவிடும். நடுத்தாங்கல் வருமென்றால் அதையும் மறைக்காமல் வரையுங்கள்.

டிராயருக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய படம் வேண்டும், 1:2 அளவில். இரண்டு கதவுக்குப் பின்னால் ஒரே டிராயர், அதைச் சுற்றியுள்ள வார்டுரோப் பெட்டியின் வெளி அகலம் 1035 என்று வைத்துக்கொள்வோம். 18 மி.மீ. பிளைவுட் இரு முகத்திலும் மைக்கா ஒட்டியதும் 20 ஆகிவிடும், ஆக இரண்டு பக்கமும் போக 995. திறந்த கதவு ஹிஞ்ச் ஓரத்தில் உள்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் உரசாமல் டிராயர் வெளியே வர பக்கத்துக்கு 25 பேக்கிங் (இடைவெளிக்கு வைக்கும் கட்டை), மீதி 945. டெலஸ்கோப்பிக் சானல் பக்கத்துக்கு 13, மீதி 919. டிராயரின் சொந்தப் பலகைகளும் போக உள்ளே கிடைப்பது 890 சொச்சம். 1035 என்று படித்தவர் கையில் 890தான் வருகிறது. பேக்கிங்கை மறந்தால் இன்னும் மோசம்: கதவு முழுசாகத் திறந்தால்தான் டிராயர் வரும், அப்போதும் மைக்காவில் கோடு விழும்.

தாள் விஷயம். 1:10 அளவில் இந்த முன்பார்வை 211க்கு 275 மி.மீ., ஏ3 தாளை நிமிர்த்தி வைத்தால் அளவுகளுக்கும் தலைப்புக் கட்டத்துக்கும் சேர்த்து இடம் இருக்கும். வெட்டுப்பட்ட பலகை தடித்த கோடு, பின்னால் தெரிவது மெல்லிய கோடு, அளவுக்கோடு அதைவிட மெல்லியது. எல்லாம் ஒரே தடிமனில் இருந்தால் பழகியவருக்கே கண் சுற்றும். வீட்டில் அதை ஏ4இல் பிரிண்ட் எடுத்தால் 1:10 என்பது 1:14 ஆகிவிடும். ஆகவே படத்துக்குள்ளேயே ஓர் அளவுப்பட்டை, பக்கத்தில் "எழுதிய அளவே சரி, ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம்" என்ற வரி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எண்கள் மங்கிவிடும். பிடிஎஃப்பாக டாக்குமென்ட்டில் அனுப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலருக்குத் தாள் புரியாது. அவர்களுக்கு அறைத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி 600 ஆழத்தையும் கதவு வளைவையும் முழு அளவில் காட்டிவிடலாம். கட்டிலுக்கும் டேப் ஒட்டி நடுவில் நடக்கச் சொன்னால் போதும்.

விலை சதுர அடிக் கணக்கில் என்றால் அந்தக் கணக்கும் அதே தாளில் இருக்கட்டும். ஃபில்லர் சேர்த்து 2110க்கு 2100 என்றால் 47.7 சதுர அடி. பேச்சுவாக்கில் 7க்கு 7 என்று போட்டால் 49. பரண் மேல்பட்டையோடு 14.8, தனி விலை என்றால் தனி வரி. ஃபில்லரும் மேல்பட்டையும் கணக்கில் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வையுங்கள். ஒவ்வொரு தாளிலும் தேதியும் திருத்த எண்ணும் வேண்டும். திருத்தம் 2 வந்ததும் மாறிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி வளைந்த கோடு போட்டு, திருத்தம் 1 தாளை ஆசாரி கையிலிருந்து வாங்கிவிடுங்கள். சைட்டில் இரண்டு தாளும் கிடந்தால், அவர் பார்த்து வெட்டுவது பெரும்பாலும் பழையதாகத்தான் இருக்கும்.