18 விநாடி தின்ற ஒரு நாள்

ஓசூரில் என் வீட்டு மொட்டைமாடியில் நிறுத்தியிருக்கும் ஜிபிஎஸ் ஆண்டெனாவுக்கும், பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள ஐஜிஎஸ் (வழிகாட்டிச் செயற்கைக்கோள் தரவைத் திரட்டும் உலகளாவிய வலையமைப்பு) நிலையத்துக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தை இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் பதிவான தரவை ஒப்பிடும் ஆர்டிகேலிப் மென்பொருளில் கணக்கிடும் வேலை, பத்து நாள்களாக ஒரு தீர்வுகூடத் தராமல் இழுத்தடித்து நேற்றிரவுதான் வழிக்கு வந்தது. கேபிளையும் பக்கத்து வீட்டுத் தென்னையையும் சந்தேகித்தது வீண். கோளாறு கோப்பின் பெயரில் இருந்தது.

தரவைப் பதிவுசெய்யும் என் ராஸ்பெரி பை சிறுகணினி, ஜிபிஎஸ் நள்ளிரவில் புதிய கோப்பைத் திறக்கிறது. அதற்கு ரைனெக்ஸ் 3 என்ற தரவுக்கோப்பு முறைப்படி நீண்ட பெயரிட நான் எழுதிய பைத்தான் நிரல், கணினிக் கடிகாரத்தின் யூடிசி (உலகப் பொது) நேரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரிலுள்ள நாள் எண்ணை வைத்தே பெங்களூருக் கோப்பையும் நாசாவின் சிடிடிஐஎஸ் காப்பகத்திலிருந்து இறக்குகிறது. முதலில் சோதித்தது 2024 பிப்ரவரி 29ஆம் தேதிக் கோப்பு. 20240600000 (ஆண்டு, ஆண்டின் எத்தனையாவது நாள், மணி, நிமிடம்) என்று வரவேண்டிய இடத்தில் 20240592359 என்று வந்திருந்தது. லீப் ஆண்டுக் கணக்கில்தான் பிழை என்று முடிவுகட்டி இரண்டு மாலைப்பொழுதுகளைத் தொலைத்தேன்.

ஜிபிஎஸ் நேரம் 2017 தொடக்கம் முதல் யூடிசியைவிட 18 விநாடி முந்தி ஓடுகிறது. ஜிபிஎஸ் கணக்கில் 29ஆம் தேதி பிறக்கும் கணத்தில் யூடிசியில் 28ஆம் தேதி 23:59:42. சமையலறைச் சுவர்க்கடிகாரத்தில் காலை 5:29:42. பெயரில் இருக்கவேண்டியது ஜிபிஎஸ் நேரம். ஆகவே 60ஆம் நாளின் என் தரவோடு 59ஆம் நாளின் பெங்களூருத் தரவை இணைத்துவிட்டு, தீர்வு வரவில்லையே என்று மென்பொருளை நொந்துகொண்டிருந்தேன்.

கணினிக் கடிகாரத்தை விட்டுவிட்டு, கோப்பின் தலைப்பிலுள்ள முதல் அவதானிப்பு நேரத்திலிருந்து பெயரை அமைத்தேன். அப்போதும் 2359! என் ரிசீவர் அளவீட்டை முழு விநாடியில் குறிப்பதில்லை, 59.996 என்பதுபோல் 4 மில்லிவிநாடி முன்னதாகக் குறிக்கிறது. ரிசீவரின் தரவை ரைனெக்ஸாக மாற்றும்போது நேரக்குறிகளை முழு விநாடிக்கு நகர்த்தும் டிஏடிஜே விருப்பத்தை 1 என்று வைத்த பிறகே 0000 வந்தது. பழைய எட்டெழுத்துப் பெயரில் மணியும் நிமிடமும் இல்லாததால், இந்தப் பிழை கண்ணில் படாமலே போயிருக்கும். நீண்ட பெயரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும்.

செயற்கைக்கோள்களின் பாதையைத் தரும் ஐஜிஎஸ் சுற்றுப்பாதைக் கோப்புகளும் 2022 நவம்பர் 27 முதல், அதாவது (1980 முதல் எண்ணப்படும்) 2238ஆம் ஜிபிஎஸ் வாரத்திலிருந்து, வார எண் கொண்ட பழைய பெயரை விட்டு நீண்ட பெயருக்கு மாறிவிட்டதால், கோப்புப் பெயரில் வார எண்ணைச் சேர்க்கும் பகுதியை நிரலிலிருந்து நீக்கலாம் என்றிருக்கிறேன். அதற்குமுன் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஆண்டெனா கேபிளுக்கு ஒரு டிஎன்சி இணைப்பான் வாங்கவேண்டும்; சென்றமுறை ஒரு கடையில் வாங்கியது மூன்றே மழையில் பச்சைப்பூத்துவிட்டது. தவறான பெயரோடு கிடக்கும் மீதி ஒன்பது கோப்புகளை இன்னும் தொடவில்லை.