குழி தோண்டினா மட்டும் போதுமா?

எங்கயாவது பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் கிடைச்சிருச்சுன்னு நியூஸ் வந்தா போதும், இனிமே நம்ம நாடு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்னு கமெண்ட்ல கொண்டாட்டம் ஆரம்பிச்சிடும். அதைப் பாக்குறப்பல்லாம் எனக்கு ஆஸ்திரேலியா ஞாபகம்தான் வரும். உலகத்துலயே அதிகமா லித்தியம் தோண்டுற நாடு அது, ஆனா லித்தியம் இருக்குற ஸ்போடுமீன்ங்குற பாறையை வெட்டி, தூளாக்கி, பெரும்பகுதியை சீனாவுக்குத்தான் கப்பல்ல ஏத்துறாங்க. அந்தத் தூள்ல லித்தியம் ஆக்சைடு சுமார் 6 சதவீதம்தான், மீதி எல்லாம் வேண்டாத கல்லு, அதுக்கும் சேர்த்து கப்பல் வாடகை வேற! சீனாவுல அதை 1,000 டிகிரிக்கு மேல வறுத்து, கந்தக அமிலத்துல போட்டு பிரிச்சு, பேட்டரிக்கு ஆகுற பதத்துக்கு கொண்டு வர்றாங்க. காசு, வேலை, தொழில்நுட்பம் எல்லாம் அந்த நடுக்கட்டத்துலதான் இருக்கு.

அரிய மண் தனிமங்கள்ல (ரேர் எர்த்னு சொல்ற உலோகங்கள்) இது இன்னும் கொடுமை. மின்சார கார் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் காந்தம் செய்ய நியோடிமியம், பிரசியோடிமியம் வேணும், ரெண்டும் ரசாயன குணத்துல இரட்டைப் பிள்ளைங்க மாதிரி, பிரிக்கணும்னா நூத்துக்கணக்கான தொட்டில அமிலமும் கரைப்பானும் மாத்தி மாத்தி ஓடணும், கூடவே தோரியம்ங்குற கதிரியக்கப் பொருள் கலந்த கழிவு வேற. இதை எங்க ஊர்ல வைங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அதான் உலக சுத்திகரிப்புல ஏறக்குறைய 90 சதவீதம் சீனா கைக்கு போயிடுச்சு.

சரி, ஆலை கட்டிட்டா முடிஞ்சுதா? அங்கதான் விலை கழுத்தைப் பிடிக்கும். கலிஃபோர்னியாவுல இருக்குற மவுண்டன் பாஸ் அரிய மண் சுரங்கம் ஒரு காலத்துல உலகத்துக்கே சப்ளை பண்ணுச்சு. 2010-ல சீனா ஏற்றுமதியை இறுக்கினதும் விலை எகிறுச்சு, அந்தச் சுரங்கத்தை வச்சிருந்த மோலிகார்ப் கம்பெனி கடன் வாங்கி மறுபடி ஆலை கட்டுச்சு, அதுக்குள்ள விலை சரிஞ்சு 2015-ல திவால். புது முதலாளிங்க வந்த பிறகும் அந்த மண்ணு பிரிக்கிறதுக்கு சீனாவுக்கே போச்சு, நம்ப முடியுதா?

அரசாங்கம் தனியார் கம்பெனிக்கு பணம் கொட்டுறது எனக்கு பொதுவா பிடிக்காது. ஆனா இந்த விஷயத்துல மனசு மாறிட்டேன். 2011-ல ஜப்பான் செஞ்சதைப் பாருங்க, அரசு அமைப்பான ஜோக்மெக்கும் சோஜிட்ஸ் கம்பெனியும் சேர்ந்து ஆஸ்திரேலியாவோட அரிய மண் கம்பெனி லைனாஸுக்கு 25 கோடி டாலர் குடுத்து, சரக்கையும் வருஷக்கணக்குல வாங்கிக்கிறோம்னு கையெழுத்து போட்டாங்க. விலை விழுந்தப்ப லைனாஸ் தள்ளாடுச்சு, கடனைத் திருப்பிக் கட்ட கெடுவைத் தள்ளி வச்சாங்களே தவிர கைவிடல. அமெரிக்கா அதே மாதிரி ஒரு முடிவுக்கு வர 2025 ஆச்சு, மவுண்டன் பாஸ்ல எடுக்குற நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்கு கிலோவுக்கு 110 டாலர் குறைந்தபட்ச விலைன்னு அரசு உறுதி குடுத்துச்சு, 10 வருஷத்துக்கு.