112 கிலோவுக்கு எத்தனை யூனிட்?

“எனக்குக் கூடியது கொழுப்புதானே சிஸ்டர், ரத்தமா கூடியது?” என்று ஊசி போட வந்த நோயாளி ஒருவர் கேட்டதற்கு, நர்ஸான நான் சொன்ன பதில் சரியானதுதான். ஆனாலும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முழங்காலில் ரத்தக்கசிவு. தீவிர ஹீமோஃபிலியா ஏ, அதாவது ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் உடலில் அநேகமாக இல்லாத நோய். எடை 112 கிலோ. கிலோவுக்கு ஒரு யூனிட் ஃபேக்டர் 8 போட்டால் ரத்தத்தில் அதன் அளவு 2 சதவீதம் ஏறும் என்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். 40 சதவீதம் வேண்டுமென்றால் எடையை 40-ஆல் பெருக்கிப் பாதியாக்க வேண்டும், 2240 வரும். திறந்த குப்பியில் மிச்சம் வைத்து எறிய மனம் வராது, 2500 ஆக்கிவிடுவோம். நுரைத்துவிடாதபடி குப்பியை மெல்லச் சுழற்றிக் கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் அப்படிக் கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. ஃபேக்டர் தங்குவது ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில். கொழுப்புத் திசுவில் ரத்தம் குறைவு. எடை ஏறும் அளவுக்குப் பிளாஸ்மா ஏறுவதில்லை. பருத்த உடலுள்ளவர்களுக்கு உயரத்துக்கேற்ற எடையை வைத்துக் கணக்கிடலாமா என்ற விவாதம் மருத்துவர்களிடையே உண்டு. இவருக்கு அது 70 கிலோ. 1400 யூனிட்டே போதும்.

“மருத்துவர் எழுதியதைத்தான் போட முடியும். முதலில் கசிவு நிற்கட்டும்” என்றேன். வேறென்ன சொல்வது? கூடுதலாகப் போனால் மருந்துதான் வீண். குறைவாகப் போட்டு மூட்டு கெட்டால் அது திரும்பாது.

ஆனால் ஊசிக்குப் பிறகு எடுத்த பரிசோதனையில், ஃபேக்டர் அளவு 45 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 60 வந்தது. எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்றும் பார்த்துவிட்டுத்தான் டோஸை மாற்ற வேண்டும் என்றார் மருத்துவர். அதுவும் சரியே. ஃபேக்டர் 8-இன் அரை ஆயுள், அதாவது ஏறிய அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், பொதுவாக 8 முதல் 12 மணி நேரம், ஆளுக்கு ஆள் மாறும். உச்சத்தை மட்டும் பார்த்துக் குறைக்க முடியாது. ஆனால் அவர் ரிசல்ட்டைக் கேட்டார், சொன்னேன். அவருடைய ரத்தத்தைப் பற்றி அவரிடம் மறைக்க எனக்கு என்ன உரிமை?

அடுத்த கசிவுக்கு யாரையும் கேட்காமல் வீட்டிலேயே 1500 போட்டுக்கொண்டார். வீக்கம் வடிந்துவிட்டது. சில வாரங்களில் அதே முழங்கால் மறுபடியும் வீங்கியது. டோஸைக் குறைத்ததாலா, பலமுறை கசிந்து நொந்துபோன மூட்டு என்பதாலா? எங்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் மட்டும் மூட்டுதான் காரணம் என்று உறுதியாக இருக்கிறார். எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது என் வசதிக்காகவோ என்றும் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் யாரிடம் ரிசல்ட்டைச் சொன்னாலும், அது இறங்கும் வேகம் இன்னும் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அன்றைக்கு அவரிடம் சொல்லியிருந்தாலும் அவர் குறைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். வருடக்கணக்காகத் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்பவர். அவருடைய சந்தேகத்தை எங்கள் பரிசோதனையே மெய்ப்பித்தும்விட்டது. அரை ஆயுள் பார்க்கப் பல முறை ரத்தம் கொடுக்க வேண்டும், வேலையை விட்டு வர முடியவில்லை என்கிறார். சீட்டில் இன்னமும் 2500 என்றுதான் இருக்கிறது. வீட்டில் எவ்வளவு போடுகிறீர்கள் என்று வரும்போதெல்லாம் கேட்கிறேன். சீட்டில் உள்ளதைத்தான் என்கிறார்.