பின்பாரம்

காற்றாலைகளைக் கண்டால் எனக்கு இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. அமெரிக்காவில், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் ஐ-10 நெடுஞ்சாலையில், இண்டியோவைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சான் கோர்கோனியோ கணவாய் வரும். இரண்டு பக்கமும் பெரிய மலைகள், நடுவில் சாலை, சாலையோரம் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். நம்மூர் ஆரல்வாய்மொழி மாதிரிதான். காற்றில்லாத இடத்தில் யாரும் காற்றாலை நட மாட்டார்கள் என்பது அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 29 அடி மோட்டார்ஹோம், அதாவது சக்கரத்தில் ஓடும் வீடு. ஃபோர்டு இ-450 சேசிஸ் (அடிச்சட்டம்), 2012 மாடல், வி10 எஞ்சின். பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். என் வீட்டுக்காரருக்கு எதிர்வெளிச்சம் கண்ணைக் கூசும் என்பதால் ஸ்டியரிங் என் கையில். ஃபீனிக்ஸ் பக்கத்தில் நாங்கள் இருக்கும் சாண்ட்லரிலிருந்து, கலிஃபோர்னியாவின் அர்வைனில் படிக்கும் மகளைப் பார்க்கப் போவதுதான் முதல் பெரிய பயணம்.

கணவாயில் ஒரு பெரிய டிரக் இடப்பக்கமாக என்னை முந்தியது. முதலில் வண்டியின் வால் வலப்பக்கம் தள்ளப்பட்டது. வால் வலது பக்கம் போனால் மூக்கு இடது பக்கம் திரும்பும், அதாவது டிரக்கைப் பார்த்து. பதறி ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினேன். அதற்குள் டிரக்கின் முகம் எங்கள் முகத்துக்கு நேராக வந்து, அது தள்ளிய காற்றும் என்னை வலப்பக்கமே தள்ளியது. ஒரு சக்கரம் சாலையோரத்தின் கடகட கோட்டில் ஏறி இறங்கியது. பின்னால் அலமாரி திறந்து எவர்சில்வர் பாத்திரமெல்லாம் தரையில். கபசோன் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். "வித்துடலாமா?" என்று மட்டும் கேட்டார் அவர்.

விற்கவில்லை. அதைவிட மட்டமான ஒன்றைச் செய்தேன். ராத்திரி முழுக்க வீடியோ பார்த்து, 480 டாலருக்கு ஒரு ஸ்டியரிங் ஸ்டெபிலைசர் வாங்கினேன். மாட்டுக்கூலி தனி. சுருள் ஸ்பிரிங் வைத்த ஒரு டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் கருவி) அது, ஸ்டியரிங்கை நடுவிலேயே பிடித்து வைக்கும். மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன். முன்டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போகாமல் அது காப்பாற்றும். ஆனால் என் வண்டிக்கு அது காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தின கதை. ஸ்டியரிங் கனமானது, வண்டி அலைவது நிற்கவில்லை. முன்பு லேசான ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி ஓட்டினேன், இப்போது கனமான ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி ஓட்டினேன்.

அப்புறம்தான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஒரு கம்பெனி செய்த சேசிஸை வாங்கி இன்னொரு பட்டறை மேலே பாடி கட்டுவதுதான் அவர் தொழில். மோட்டார்ஹோமும் அதேதான், உள்ளே கட்டிலும் அடுப்பும் இருக்கும் என்பது மட்டும்தான் வித்தியாசம். இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். வாட்ஸ்ஆப்பில் நான் காற்று, டிரக், ஸ்டெபிலைசர் என்று கதை சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டவர், ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பின்னாடி சக்கரத்துக்கு அப்புறம் எத்தனை அங்குலம் தொங்குது கண்ணு?"

டேப் எடுத்துப் போய் அளந்தேன். வண்டியின் மொத்த நீளம் 348 அங்குலம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 190. முன்னால் 30 போக, பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவது 128 அங்குலம். அப்பா மனக்கணக்குப் போட்டார். அச்சுகளுக்கு நடுவே உள்ள நீளத்தில் 67 சதவீதம் பின்னால் தொங்குகிறது. இந்திய மோட்டார் வாகன விதிப்படி பின்தொங்கல் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. "நம்ம பட்டறையில இப்படிக் கட்டினா பாஸிங்கே ஆகாது. சரி, அதை வெட்டவா முடியும்? அந்தத் தொங்கல்ல என்ன ஏத்தி வச்சிருக்கே? எடை போட்டியா?"

எடை போடவில்லை. 480 டாலர் செலவழித்தவள் எடை போடவில்லை.

இங்கே டிரக்குகள் நிற்கும் பெரிய பெட்ரோல் பங்குகளில் கேட் ஸ்கேல் என்று ஒரு எடைமேடை இருக்கும். முன்சக்கரம் ஒரு பலகையில், பின்சக்கரம் அடுத்த பலகையில் நிற்க வேண்டும். பட்டனை அழுத்தி வண்டி நம்பரைச் சொன்னால் அச்சு வாரியாக எடை போட்டுச் சீட்டுத் தருவார்கள். ஒரு பிரியாணி விலைதான் ஆகும். டேங்க் நிறையத் தண்ணீர், சாமான் சட்டி எல்லாம் ஏற்றிப் பயணம் போகிற மாதிரியே போய் நின்றோம்.

முன் அச்சு 3,880 பவுண்டு. பின் அச்சு 9,720. மொத்தம் 13,600, ஏறக்குறைய 6,170 கிலோ. இந்த வண்டி 14,500 பவுண்டு வரை தாங்கும் என்பதால் மொத்தத்தைப் பார்த்தால் நிம்மதிதான். ஆனால் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் பின் அச்சுக்கு 9,600தான் எல்லை. அதைத் தாண்டிவிட்டோம். முன் அச்சு 5,000 தாங்கும், அதில் மூவாயிரத்துச் சொச்சம்தான் இருக்கிறது. திருப்புகிற சக்கரத்தின் மேல் பாரமே இல்லை. அது சாலையை எப்படிப் பிடிக்கும்?

சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்பா எழுதிய பதில்: "பின்பாரம்." கீழே இன்னொரு வரி: "மாட்டு வண்டியில பின்பாரம் ஏத்தினா நுகத்தடி மாட்டுக் கழுத்தை விட்டுக் கிளம்பும். உன் வண்டியில மாடு இல்லை, அவ்வளவுதான்."

அச்சுக்குப் பின்னால் ஏற்றும் பாரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அது தன் எடையோடு நிற்காது. எங்கள் தண்ணீர்த் தொட்டி பின்கட்டிலுக்கு அடியில், பின் அச்சிலிருந்து 8 அடி தள்ளி இருக்கிறது. 40 காலன் கொள்ளும். காலனுக்கு 8.34 பவுண்டு, ஆக 334 பவுண்டு. அது பின் அச்சின் மேல் 334 பவுண்டாக உட்காருவதில்லை. அச்சைக் கிணற்றடித் துலாவின் கால் மாதிரி வைத்துக்கொண்டு முன்பக்கத்தைத் தூக்குகிறது. 334-ஐ 96 அங்குலத்தால் பெருக்கி 190-ஆல் வகுத்தால், முன்சக்கரத்திலிருந்து 169 பவுண்டு களவு போகிறது. அந்த 169-உம் சேர்ந்து பின் அச்சில் 503 பவுண்டு ஏறுகிறது. வெறும் தண்ணீர்! பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து குதித்துக்கொண்டே போனவர்களுக்கு அந்தத் தொங்கலின் குணம் தெரிந்திருக்கும்.

அன்றைக்கே பின்டிக்கியைக் காலி செய்து தரையில் பரப்பினேன். டேபிள்டாப் கிரைண்டர். இரும்பு தோசைக்கல் இரண்டு. 20 பவுண்டு அரிசி மூட்டை. நாலு மடக்கு நாற்காலி. தண்ணீர் பாட்டில் மூன்று கட்டு, 40 காலன் தொட்டி இருக்கும்போதே. இதெல்லாம் என் கணக்கு. வீட்டுக்காரருடைய டூல் பாக்ஸை நான் ஒரு ஆளாகத் தூக்க முடியவில்லை, அதில் எதற்கு இரண்டு பைப் ரெஞ்ச் என்று இன்றுவரை பதில் வரவில்லை. கிரைண்டரும் பாட்டில்களும் வீட்டிலேயே தங்கின. மிச்சத்தில் கனமானதெல்லாம் முன்கதவுப் பக்கத்து அறைக்குப் போனது. தொட்டியில் 10 காலன் மட்டும் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புவது என்று முடிவு. மறுபடி எடை: முன்னால் 4,180, பின்னால் 9,100. முன்சக்கரத்துக்கு 300 பவுண்டு திரும்பி வந்தது. காசு செலவில்லை.

அடுத்தது டயர் காற்று. வண்டி வாங்கியபோது டயர் கடையில் ஆறு டயருக்கும் 80 பிஎஸ்ஐ அடித்து அனுப்பியிருந்தார்கள். டயரின் பக்கவாட்டில் 80 என்று போட்டிருப்பது அது தாங்கும் உச்சம், அடிக்க வேண்டிய அளவு இல்லை. எங்கள் டயரின் அளவு எல்டி225/75ஆர்16, சுமை வகை லோட் ரேஞ்ச் இ. 80-இல் ஒற்றையாக ஓடினால் 2,680 பவுண்டு தாங்கும், பின்னால் ஜோடியாக ஓடினால் ஒவ்வொன்றும் 2,470. பழைய எடைப்படி பின்டயர் ஒவ்வொன்றின் மேலும் 2,430. நாலும் சமமாகச் சுமந்தால்கூட டயருக்கு 40 பவுண்டுதான் மிச்சம், எந்த வண்டியிலும் நாலும் சமமாகச் சுமப்பதில்லை. அதை எழுதிப் பார்த்த ராத்திரி தூக்கம் போனது. ஆகவே பின்னால் 80 சரி. முன்னால் 65 போதும், 2,335 தாங்கும், எங்களுக்குத் தேவை 2,090. ஸ்டிக்கரும் 65 என்றுதான் சொல்கிறது. 80 அடித்த முன்டயர் கல் மாதிரி, சாலையில் ஒரு சின்ன வரப்பு இருந்தாலும் அதன்மேல் ஏறித் திசைமாறும். 65-க்கு இறக்கியதும் அந்தத் துள்ளல் பாதி போனது. காலையில் வண்டி நகருமுன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும் என்பது தெரிந்ததுதானே.

வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்த கதை கொஞ்சம் நீளம். முதலில் கார் பார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். எல்லாம் கம்பெனி சொன்ன அளவுக்குள் இருக்கிறது என்று பச்சை நிறப் பிரிண்ட் ஒன்றைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பிரிண்டைப் படித்தேன். காஸ்டர் இடது 2.5 டிகிரி, வலது 2.9.

காஸ்டர் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், பெயர்தான் புதுசு. சைக்கிளின் முன்ஃபோர்க் செங்குத்தாக இருக்காது, நம் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் துணையோடுதான் ஹேண்டிலில் இருந்து கையை எடுத்தாலும் சைக்கிள் நேராகப் போகிறது. சாய்வு குறைந்தால் சக்கரத்துக்குத் தானாக நடுவுக்கு வரும் புத்தி குறையும். பின்பாரம் முன்பக்கத்தைத் தூக்கும்போது இந்த அளவும் கெடும். அதனால் பயணச் சாமானோடுதான் அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும், காலி வண்டியோடு போய்ப் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவதாக, டிரக் அலைன்மென்ட் செய்யும் ஒரு பட்டறைக்குப் போனேன். இந்த ஃபோர்டின் முன்பக்கம் ட்வின் ஐ-பீம் என்ற பழைய அமைப்பு. பட்டறைக்காரர் அதைப் பார்த்ததுமே, கம்பெனி புஷ்ஷை (மூட்டில் போடும் வளையம்) வைத்துக்கொண்டு காஸ்டரைத் திருத்த முடியாது, மேல் பால் ஜாயின்ட்டில் திருப்பித் திருத்துகிற புஷ் போட வேண்டும் என்றார். அதற்கு முன் வண்டியைத் தூக்கி ஒவ்வொரு மூட்டையும் ஆட்டிப் பார்த்தார். சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனி மூட்டு ஒன்றில், டை ராட் எண்ட் என்பார்கள், ஆட்டம் இருந்தது, மாற்றினார். ஸ்டியரிங் பாக்ஸில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறதே, அதை இறுக்கினால் ஆட்டம் போகுமாமே என்று என் வீடியோ ஞானத்தைக் காட்டினேன். "அதைத் தொடாதீர்கள்" என்றார், அவ்வளவுதான். அளவுக்கு மேல் இறுக்கினால் திருப்பத்தில் இருந்து ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராமல் சிக்கும் என்று பிறகு புரிந்தது.

காஸ்டர் இப்போது இடது 4.8, வலது 5.2. வலப்பக்கம் கொஞ்சம் கூட வைத்ததற்குக் காரணம் உண்டு. சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருப்பதால், இந்த ஊரில் வண்டி வலப்பக்கம் இழுக்கும். காஸ்டர் குறைந்த பக்கம் வண்டி சாயப் பார்க்கும் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று சமாளித்துக்கொள்கின்றன. புஷ்ஷோடு 260 டாலர் ஆனது. பட்டறையிலிருந்து வெளியே வந்து, முதல் சிக்னலில் திரும்பி, ஸ்டியரிங் தானாக நடுவுக்கு ஓடி வந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டிரக் முந்தும்போது வால் ஆடுவது மட்டும் கொஞ்சம் பாக்கி இருந்தது. வீட்டுக்காரரைப் பின்பக்கம் நின்று பாடியைப் பக்கவாட்டில் தள்ளச் சொல்லிவிட்டு நான் கீழே எட்டிப் பார்த்தேன். டயர் நின்ற இடத்திலேயே நிற்க, பாடி மட்டும் நகர்ந்தது. பட்டை ஸ்பிரிங்கும், அதைச் சேசிஸோடு பிடிக்கும் ஷேக்கிளும் பக்கவாட்டில் வளைந்துகொடுக்கின்றன. பின் அச்சையும் சேசிஸையும் குறுக்கே இணைக்கும் ஒரு கம்பி, டிராக் பார் என்பார்கள், அதைப் போட்டதும் அது அடங்கியது. இதற்குப் பணம் கொடுத்ததில் வருத்தமில்லை. முதலில் வாங்கிய ஸ்டெபிலைசரைக் கழற்றி விற்கலாமா என்று யோசித்து, டயர் வெடிப்பை நினைத்து விட்டுவிட்டேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இதனால் காற்று குறைந்துவிடாது. 29 அடி நீளம், 10 அடி உயரம், மொத்தம் 290 சதுர அடிச் சுவர். 40 மைல் வேகக் காற்று குறுக்கே அடித்தால் ஆயிரம் பவுண்டுக்கு மேல் தள்ளும். அதனால் வானிலைத் துறையின் காற்று எச்சரிக்கை இருந்தால் இண்டியோவிலேயே தங்கிவிடுகிறேன். மற்ற நாளில் 62 மைலுக்கு மேல் போவதில்லை. பார்வையைப் பானட்டுக்கு முன்னால் வைக்காமல் தூரத்தில் வைக்கப் பழகிக்கொண்டேன். டிரக் முந்தும்போது ஸ்டியரிங்கோடு சண்டை போடாமல் லேசாகப் பிடித்தபடி விட்டால் வண்டி தானே தன் தடத்துக்கு வருகிறது.

போன மாதம் மறுபடி அதே கணவாய், 25 மைல் காற்று. முந்திய டிரக்குகளை எண்ணிக்கொண்டே வந்தவர் பதினெட்டில் தூங்கிவிட்டார். மகள்தான் ஒரு குறை சொன்னாள், அம்மா வந்தால் இட்லி கிடைக்கும் என்று இருந்தாளாம். கிரைண்டர் சாண்ட்லரில் இருக்கிறது, அது 8 அடி பின்னால் திரும்ப ஏறப்போவதில்லை. மாவை, இந்தியக் கடைகள் இருக்கும் ஆர்டீசியா என்ற ஊரில் வாங்கிக்கொண்டோம். ஒரு வாளி, ஏழு பவுண்டு, என் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கட்டியிருக்கிறேன்.