கேப் வெஸ்ட் குறிப்புகள்: மார்கழி மழையில் ஒரு துப்பறியும் ஆட்டம்

டிசம்பர் 2, புதுச்சேரி

‘ஹோட்டல் டஸ்க்’ என்ற துப்பறியும் வீடியோ கேமை ஆடி முடித்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இதற்கு அடுத்த பாகம் உண்டா என்பதுதான். உண்டு. பெயர் ‘லாஸ்ட் விண்டோ: தி சீக்ரெட் ஆஃப் கேப் வெஸ்ட்’. இரண்டு திரையோடு மடக்கும் கையடக்க மிஷினான நின்டெண்டோ டிஎஸ்ஸுக்காக ஜப்பானின் ஃபுகுவோகாவில் இருந்த சிங் நிறுவனம் உருவாக்கியது. முதல் பாகம் 2007 ஜனவரியில் வந்தது. இது ஜப்பானில் 2010 ஜனவரி 14, ஐரோப்பாவில் 2010 செப்டம்பர் 17. இரண்டு தேதிகளுக்கும் நடுவே, மார்ச் மாதம், சிங் திவாலாகிவிட்டது. ஐரோப்பாவில் ஆட்டம் கடைக்கு வந்தபோது அதைச் செய்தவர்களுக்கு நிறுவனமே இல்லை.

வட அமெரிக்காவில் இந்த ஆட்டம் வெளிவரவே இல்லை. வாங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் பதிந்திருக்கும் சின்ன அட்டையான டிஎஸ் கார்ட்ரிட்ஜின் லேபிளில் என்டிஆர் என்று தொடங்கும் குறியீடு இருக்கும். அதன் கடைசி மூன்று எழுத்து எந்த நாட்டுப் பதிப்பு என்று சொல்லும். லாஸ்ட் விண்டோவில் அங்கே ‘யுஎஸ்ஏ’ என்று இருந்தால் போலி என்று சந்தேகமில்லாமல் ஒதுக்கிவிடலாம். ‘இயுஆர்’ இருந்தால் ஆங்கிலம் இருக்கும். ‘ஜேபிஎன்’ இருந்தால் நம் மிஷினில் ஓடும், ஆனால் முழுக்க ஜப்பானிய எழுத்து. இந்த ஆட்டத்தில் பாதிக்கு மேல் பேச்சு என்பதால் மொழி தெரியாமல் ஒரு அறையைக்கூடத் தாண்ட முடியாது. பாரிஸில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஊருக்கு வரும்போது பழைய கேம் கடையில் பார்த்து வாங்கி வரச் சொல்வதே நேர்வழி.

டிசம்பர் 4

எந்த மிஷினில் ஆடுவது? டிஎஸ் லைட், டிஎஸ்ஐ, டிஎஸ்ஐ எக்ஸ்எல், 3டிஎஸ், 2டிஎஸ் எல்லாவற்றிலும் ஓடும். எங்கள் தேர்வு டிஎஸ்ஐ எக்ஸ்எல். லாஸ்ட் விண்டோவை, மிஷினைச் செங்குத்தாகத் திருப்பி, புத்தகம் பிடிப்பதுபோல் பிடித்து ஆட வேண்டும். வலக்கைக்காரருக்குத் தொடுதிரை வலப்பக்கம் வரும். இடக்கைக்காரர் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்எல்லில் இரண்டு திரையும் 4.2 அங்குலம், ஒரே அளவு. ஒரு பக்கத்தில் முகம், மறுபக்கத்தில் பதில் என்று வரும்போது கண் எளிதாகத் தாவுகிறது.

3டிஎஸ்ஸில் ஆடினால் படம் சற்று மங்கும். டிஎஸ் படம் 256×192 புள்ளி. அதை 3டிஎஸ் 1.25 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது, முழு எண் மடங்கு இல்லாததால் கோடுகள் கரைகின்றன. பென்சில் கோடுகளாலேயே ஆன இந்த ஆட்டத்துக்கு அது பெரிய இழப்பு. கேமைத் திறக்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே தொட்டால் அசல் அளவில் கூர்மையாக வரும், கொஞ்சம் சின்னதாக.

செகண்ட் ஹேண்ட் டிஎஸ் லைட் கிடைத்தால் முதலில் கீலைப் பாருங்கள். அந்த மாடலின் தீராத நோய் கீல் வெடிப்பது. மேல்திரைக்குப் போகும் பட்டை வயர் அந்தக் கீலின் வழியாகத்தான் போகிறது. கீல் ஆட ஆட வயர் நைந்து, மேல்திரையில் கோடு விழும், இல்லையென்றால் வெள்ளையாகிவிடும். புத்தகம்போல் பிடிக்கும்போது பாரம் முழுவதும் கீலில் இறங்குகிறது. சாதாரண ஆட்டத்துக்குத் தாங்கும் மிஷின் இதற்குத் தாங்காமல் போகலாம். பின்மூடி உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடவே வேண்டாம்.

டிசம்பர் 5

சார்ஜர் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷினோடு வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானது. பின்னை மாற்றும் கட்டையைப் போட்டு நம் 230 வோல்ட்டில் செருகினால் அடாப்டர் போய்விடும். அந்தக் கட்டை பின்னைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ஐரோப்பிய அடாப்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. டிஎஸ்ஐக்கும் 3டிஎஸ்ஸுக்கும் ஒரே வாய், டிஎஸ் லைட்டுக்குத் தனி வாய்.

டிசம்பர் 8

வடகிழக்குப் பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்தால் கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளில் உப்புப் படலம் பிடிக்கும். புதுச்சேரியிலும் கடலூரிலும் கடலோரத் தெருக்களில் இது அதிகம். ‘கார்டு இல்லை’ என்று மிஷின் சொன்னால் கார்ட்ரிட்ஜ் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 17 தொடுமுனைகள் இருக்கின்றன. ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் கேம் எழாது.

வாயால் ஊதக் கூடாது. எச்சில் ஈரம் பட்டு இன்னும் அரிக்கும். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் ஐபிஏ என்பார்களே, அந்த 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்து, பிழிந்து, முனைகளின் நீளவாக்கில் மட்டும் தேய்க்கவும். குறுக்கே தேய்த்தால் பஞ்சு நூல் பிளாஸ்டிக் தடுப்பில் மாட்டிக்கொள்ளும். பட்ஸ் கறுப்பாவது நிற்கும்வரை புதுப் பட்ஸ் மாற்றுங்கள். பிறகு பத்து நிமிடம் காய விட்டு, மிஷினை ஆஃப் செய்த நிலையில் நாலைந்து முறை செருகி எடுங்கள். ஸ்லாட்டுக்குள் இருக்கும் கறையும் உரசிப் போகும். பழைய கேம்பாய் கார்ட்ரிட்ஜ்கள் சிலவற்றைப்போல் சேவ் செய்ததைக் காக்க உள்ளே பேட்டரி கிடையாது. அதனால் பல வருடம் பெட்டியில் கிடந்தாலும் பழைய ஆளின் சேவ் அப்படியே இருக்கும். அழிப்பதற்கு முன் அவர் எதுவரை போனார் என்று பார்த்துவிடாதீர்கள், கதை வெளியாகிவிடும்.

டிசம்பர் 11

முதல் பாகம் ஆடாமல் நேரே இதற்கு வரலாமா என்று கேட்கிறார்கள். ஆடிவிட்டு வாருங்கள் என்பதே எங்கள் பதில். கதைக்காக மட்டும் சொல்லவில்லை. முதல் பாகத்தில் ஆள், முன்னாள் நியூயார்க் போலீஸ் துப்பறிவாளர் கைல் ஹைட், 1979 டிசம்பர் கடைசியில் நெவாடாவில் ஒரு பழைய ஹோட்டலில் ஒரே ஒரு இரவு தங்குகிறார். எல்லோரும் அந்நியர்கள். விடிந்தால் அவரவர் வழி. இரண்டாம் பாகம் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. அதை உணர முதலில் நேராக இருந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

மிஷினையே ஒரு பொருளாகக் கையாளும் வித்தையும் முதல் பாகத்தில்தான் பழக்கமாகும். மெலிஸா என்ற சிறுமியின் ஜிக்சா புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டுகளைத் தொடுதிரைக் குச்சியான ஸ்டைலஸால் இழுத்துச் சேர்த்தாயிற்று, படம் முழுமையாகிவிட்டது, ஆனால் செய்தி படத்தின் பின்பக்கம் இருக்கிறது. திருப்புவதற்குத் திரையில் பட்டன் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது, மிஷினின் மூடியை மூடித் திறப்பது. ஒரு திரையின் படம் மற்றதன்மேல் கவிழ்ந்து புரள்கிறது. காகிதத்தில் ஒட்டிய புதிரைத் திருப்பக் கை என்ன செய்யுமோ அதையே இங்கும் செய்கிறது. கீல் இல்லாத 2டிஎஸ்ஸில் ஆடுபவர்கள், கீழே இருக்கும் ஸ்லீப் சுவிட்சைத் தள்ளித் திரும்ப இழுத்தால் போதும். மிஷின் அதை மூடியை மூடியதாகவே எடுத்துக்கொள்ளும்.

டிசம்பர் 15

இரண்டாம் பாகத்தின் உயிர் எங்கே என்பதை இன்று விரிவாக எழுதிவிடலாம்.

ஓராண்டு கழிந்து, 1980. லாஸ் ஏஞ்சலீஸ். கைல் வேலை பார்த்த ரெட் கிரவுன் நிறுவனத்திலிருந்து நீக்கப்படுகிறார். அவர் வாடகைக்கு இருக்கும் கேப் வெஸ்ட் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று நோட்டீஸ் வருகிறது. அதே கட்டடத்தில் ‘ஸ்கார்லெட் ஸ்டார்’ என்ற ஒன்றைத் தேடச் சொல்லி ஒரு ஆர்டரும் வருகிறது. தேடத் தேட அவருடைய அப்பாவின் மரணம் வரை நூல் போகிறது. இதற்குமேல் கதை சொல்ல மாட்டோம்.

விசாரிக்க வேண்டியவர்கள் வீட்டுக்காரம்மா மார்கரெட் பேட்ரிஸ், கீழே சாப்பாட்டுக் கடை நடத்தும் சிட்னி, அடுத்த கதவுக்காரர்கள். நாளைக் காலையிலும் மாடிப்படியில் இவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். சந்தேகப்பட்டுக் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்க முடியாது. வாடகை பாக்கி வைத்திருப்பவன் வீட்டுக்காரம்மாவிடம் பழைய கொலையைப் பற்றி எப்படிக் கேட்பான்? அந்த நெருடல்தான் இந்த ஆட்டத்தின் சுவை. ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விசாரணையில் கவனிக்க வேண்டியது வரிசை. பேச்சின் நடுவே எதிராளி ஒரு சொல்லை நழுவவிடுவார். அது கேட்க வேண்டிய கேள்வியாகச் சேரும். சில இடத்தில் உடனே அழுத்திக் கேட்கலாமா, விட்டுவிடலாமா என்று தேர்வு வரும். எல்லா இடத்திலும் அழுத்துவது புதிதாக ஆடுபவர்கள் செய்வது. அது பலிக்காது. எதிராளியின் முகத்தைப் பாருங்கள். பென்சில் கோட்டில் நடுங்கிக்கொண்டே இருக்கும் அந்த முகம் கண்ணை ஒரு கணம் தாழ்த்தினால், சொல்ல வருகிறார் என்று பொருள், அழுத்தலாம். கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தால், கையில் ஆதாரம் இல்லாமல் வாய்திறக்காதீர்கள். தொடர்ந்து தப்பாகப் பேசினால் ஆட்டம் முடிந்துவிடும். இங்கே யாரும் சுடுவதில்லை, எந்தச் சண்டையும் இல்லை; நாக்கு தவறினால் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கி இல்லாமலே இவ்வளவு பதற்றத்தை ஒரு கையடக்கத் திரையில் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அதனால் ஒரு நடைமுறை: யாரிடமாவது நீண்ட பேச்சு தொடங்கப்போகிறது என்று தோன்றினால், கதவைத் தட்டுமுன் நோட்டைத் திறந்து சேவ் செய்யுங்கள்.

டிசம்பர் 16, மார்கழி 1

ஆட்டத்துக்குள் கையால் எழுதும் குறிப்பேடு இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், அது வெறும் கோடுதானே. ஆனால் இடம் குறைவு. ‘ணை’, ‘ஞ’ போன்ற சுழி நிறைந்த எழுத்துகள் அந்தப் புள்ளி அளவில் குழம்பிவிடும். அறை எண், ஆளின் முதலெழுத்து, ஒரு அம்புக்குறி, இது போதும். எழுத்து ஸ்டைலஸ் முனையிலிருந்து விலகி விழுந்தால் மிஷின் செட்டிங்கில் தொடுதிரையைக் கேலிபரேட் செய்யுங்கள். இந்தத் திரை அழுத்தத்தை உணர்வது; மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கில் காற்றுக்குமிழி இருந்தாலும் தொடுகை இடம் மாறும்.

டிசம்பர் 20

‘எங்கே போனாலும் ஒன்றும் நடக்கவில்லை’ என்பதே அதிகம் வரும் புகார். காரணம் எளிது. ஆட்டத்தின் கடிகாரம் நம் நேரத்தால் நகர்வதில்லை, நாம் செய்யும் காரியத்தால் நகர்கிறது. பார்க்க வேண்டிய ஒரு பொருளைப் பார்க்காமல் விட்டால் அடுத்த ஆள் அறையிலிருந்து வெளியே வரமாட்டார், எத்தனை முறை தட்டினாலும்.

தேடும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் நம் அறை. பூதக்கண்ணாடிக் குறியைத் தொட்டால் அந்த இடம் பெரிதாகத் தெரியும். அங்கே பார்வையைப் பக்கவாட்டில் நகர்த்தும் பட்டை ஒன்று உண்டு. பலர் மறப்பது அதைத்தான். நேராகப் பார்த்தால் மறைந்திருக்கும் பொருள், பட்டையை ஓரம் வரை இழுத்தால் தெரியும். அறையில் ஒன்றும் இல்லையென்றால் நடைவழி, பிறகு கீழ்த்தளம். கடைசியாகப் பேசியவர் சொன்ன இடத்தைப் பையிலிருக்கும் ஒவ்வொரு பொருளோடும் பொருத்திப் பாருங்கள். அத்தியாய முடிவில் கைல் தனக்குத்தானே கேள்வி கேட்டு நடந்ததைத் தொகுப்பார். அதைத் தட்டித் தள்ளிவிடாதீர்கள். எந்த நூலை ஆட்டம் முக்கியமாக நினைக்கிறது என்பதை அங்கே சொல்லிவிடுகிறது.

பேருந்தில் கடலூர் போகிறவர்கள் மூடியை மூடினாலே ஆட்டம் உறங்கிவிடும், நிறுத்தத்தில் இறங்கித் திரும்பத் திறக்கலாம். உறக்கத்திலும் பேட்டரி கரையும், ராத்திரி முழுக்க அப்படியே விடாதீர்கள்.

டிசம்பர் 23

கேப் வெஸ்ட் ஒரு காலத்தில் ஹோட்டலாக இருந்த கட்டடம். அதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் வரைபடத்திலும் வைத்திருக்கிறார்கள். தொடுதிரையில் மேலிருந்து பார்க்கும் தளப்படம் எப்போதும் இருக்கிறது, மற்ற திரையில் கண்ணுக்கு நேரான காட்சி. வீட்டுக்கு வேண்டாத ஒரு ஏற்பாடு வீட்டில் இருந்தால் அது ஹோட்டல் காலத்தது என்று நினைத்துக்கொண்டு நடங்கள். புதுச்சேரியில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கிறோம்: திண்ணையும் முற்றமும் வைத்த வீடுகள் விடுதியாகின்றன, முற்றத்தில் சாப்பாட்டு மேசை வருகிறது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் ‘மேரி’ என்ற பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்ததைக் கண்டவர்களுக்கு, இடிபடப்போகும் கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்க்கும் அவசரம் தனியாகப் புரியும்.

டிசம்பர் 27

ஆட்டத்துக்குள் ஒரு நாவல் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் நடந்தவற்றை நாவலாக எழுதிய பகுதி திறக்கும். மிஷினைப் புத்தகம்போல் பிடித்திருப்பதால் உண்மையிலேயே படிக்கும் வசதி. நாம் செய்த சில தேர்வுகளுக்கு ஏற்ப அதில் வரிகள் கொஞ்சம் மாறும். அதனால் எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்துப் படிப்பதைவிட, அத்தியாயம் முடிந்தவுடன் படியுங்கள். எந்தப் பேச்சு எந்த வரியானது என்பது அப்போதுதான் நினைவிருக்கும்.

இரண்டாவது முறை ஆடும்போது, முதல் தடவை விட்டுக்கொடுத்த இடத்தில் அழுத்துங்கள், அழுத்திய இடத்தில் விடுங்கள். அத்தியாயம் முடிந்ததும் அதே நாவல் பக்கத்தைத் திறந்து பழையதோடு ஒப்பிடலாம். முதல் முறையில் அந்தப் பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்திருந்தால் வேலை சுலபம். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, சற்றுச் சாய்வாகப் பிடித்து எடுத்தால் எழுத்து தெளிவாக விழும்.